சூத்திரம் சரி, ஊசல் ஏன் தலைக்கு மேலே சுற்றுகிறது?

கேள்வி: இயற்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். தனி ஊசலைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பார்த்தேன். நீளம் 1 மீட்டர், தொடக்கக் கோணம் 30 டிகிரி, நேர இடைவெளி 0.01 வினாடி. முதல் சில அலைவுகள் ஒழுங்காக இருக்கின்றன. பிறகு வீச்சு கூடிக்கொண்டே போய், ஒரு நிமிடத்துக்குள் ஊசல் தலைக்கு மேலே சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சமன்பாட்டில் பிழையே இல்லை. இடைவெளியைக் குறைத்தால் தாமதமாகிறதே தவிர நிற்கவில்லை. புத்தகத்தில் இருக்கும் அறிவியலை நிரலாக்க ஒழுங்கான முறை ஏதாவது உண்டா? எல்லாவற்றையும் ஜூபிட்டர் நோட்புக்கிலேயே (நிரலையும் விளக்கத்தையும் வரைபடத்தையும் ஒரே பக்கத்தில் வைக்கும் கருவி) எழுதலாமா?

பதில்: முதலில் ஊசலை நிறுத்துவோம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்கள் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) இருப்பது பெரும்பாலும் இதுதான்:

முடுக்கம் = -(ஈர்ப்பு / நீளம்) * சைன்(கோணம்)
கோணம் = கோணம் + திசைவேகம் * இடைவெளி
திசைவேகம் = திசைவேகம் + முடுக்கம் * இடைவெளி

(பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். வகுப்பில் விளக்கும்போது இது பெரிய வசதி.)

கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள். திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தை வைத்துக் கோணத்தை நகர்த்துங்கள். அவ்வளவுதான், ஊசல் அடங்கிவிடும்.

இந்த மாற்றம் ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் உங்கள் பெரிய கேள்விக்கான பதிலும் இருக்கிறது. நீங்கள் எழுதியது ஆய்லர் முறை, அதாவது சமன்பாட்டைச் சிறு சிறு நேர அடிகளாகத் தீர்க்கும் எளிய வழி. சிறிய கோணங்களுக்குக் கணக்குப் போட்டால், அதில் ஒவ்வொரு அடியிலும் (லூப்பின் ஒரு சுற்றில்) ஊசலின் ஆற்றல் (1 + ஈர்ப்பு / நீளம் × இடைவெளியின் வர்க்கம்) மடங்காகிறது. உங்கள் எண்களுக்கு அது 1.00098. பார்க்க அற்பமாகத் தோன்றும். ஆனால் 10 வினாடிக்கு 1000 அடிகள். ஆற்றல் சுமார் 2.66 மடங்காகிவிடும். இடைவெளியை 0.001 ஆக்கினால் அதே 10 வினாடியில் ஏறுவது ஏறத்தாழ 10 சதவீதம். ஏற்றத்தின் வேகம் இடைவெளிக்கு நேர் விகிதத்தில் குறையும், பூச்சியமாகாது. நீங்கள் பார்த்த தாமதம் அதுதான். இடம் மாற்றிய வடிவத்துக்கு சிம்ப்லெக்டிக் ஆய்லர் என்று பெயர். அதிலும் பிழை உண்டு. உங்கள் இடைவெளியில் ஆற்றல் ஓரிரு சதவீதம் ஏறி இறங்கும், ஆனால் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகாது. மூலக்கூறு இயக்கக் கணிப்புகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வெர்லே முறையை விரும்புவதற்கும் இதே குணம்தான் காரணம். நான்காம் படி ரங்கே-குட்டா என்ற வேறொரு முறை இன்னும் துல்லியமானதாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். குறுகிய ஓட்டத்துக்கு உண்மை. மிக நீண்ட ஓட்டத்தில் அதிலும் ஆற்றல் மெல்ல நகரும்.

உராய்வில்லாத ஊசலில் ஆற்றல் மாறாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். நிரலுக்கு அது தெரியாது. நீங்கள் அதனிடம் சொன்னது விசைச் சமன்பாட்டை மட்டுமே. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் வரையறை, இயற்கை விதி, தோராயம், அளந்து பெற்ற எண் ஆகியவை கலந்துதான் இருக்கும். ஆனால் எது எது என்று சுற்றியுள்ள வாக்கியங்கள் சொல்லிவிடும். நிரலில் இவை எல்லாமே ஒரே மாதிரியான வரிகளாகிவிடுகின்றன. போதாததற்கு, கணக்கிடும் வசதிக்காக நாம் புகுத்திய நேர இடைவெளியும் இயற்பியல் அளவு போலவே ஈர்ப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வேறுபாடுகளை நிரலில் மீண்டும் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதைத்தான் முறை என்று நான் சொல்வேன்.

மாறிலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகம் வினாடிக்கு 299792458 மீட்டர் என்பது வரையறை. அதில் பிழை வரம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி அளந்து பெற்றது. நான்கைந்து இலக்கங்களுக்கு மேல் உறுதியில்லை. நிரலில் இரண்டும் வெறும் எண்கள்தான். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத அரை நிமிடம் ஆகாது. ஈர்ப்பு முடுக்கத்துக்கு நாம் போடும் 9.8 இன்னொரு வகை: அது இடத்துக்கு இடம் மாறும். அதை ஃபங்ஷனின் வயிற்றுக்குள் புதைக்காமல் வெளியிலிருந்து கொடுங்கள்.

அலகுகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் கொடுத்த எண்ணை, அடுத்த மென்பொருள் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. இரண்டு பக்கச் சூத்திரங்களிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அளவில் இதன் சின்ன வடிவம் டிகிரியும் ரேடியனும். பைத்தானின் சைன் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். மாறியின் பெயரையே கோணம்_ரேடியன் என்று வைத்துவிடுங்கள். பெரிய வேலைக்கு பின்ட் போன்ற அலகு நூலகம் இருக்கிறது; மீட்டரையும் வினாடியையும் கூட்டப் போனால் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும்.

தோராயங்கள்தான் உண்மையில் ஆபத்தானவை, ஏனென்றால் அவை சத்தம் போடாமல் தவறும். அலைவு நேரத்துக்குப் பள்ளியிலிருந்து நாம் எழுதிவரும் சூத்திரத்தில் கோணமே கிடையாது. வீச்சு 20 டிகிரி என்றால் உண்மையான அலைவு நேரம் அதைவிட 0.8 சதவீதம் அதிகம், பெரும்பாலான ஆய்வகங்களில் யாரும் கவனிக்கப்போவதில்லை. 60 டிகிரியில் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். தாளில் 'சிறிய கோணங்களுக்கு' என்ற இரண்டு சொற்கள் காவல் நிற்கின்றன. நிரலிலும் அந்தக் காவல் வேண்டும்: ஃபங்ஷனுக்குள் வீச்சையும் வாங்கி, வரம்பு மீறினால் எச்சரிக்கட்டும் அல்லது மறுக்கட்டும். குறிப்பாக எழுதினால் மட்டும் போதாது; மாலை நேரத்துக் களைப்பில் யாரும் குறிப்பைப் படிப்பதில்லை.

சமக்குறியும் இடறும். இயற்பியலில் அது இருபுறமும் உள்ள உறவு. பைத்தானில் 'வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் போடு' என்ற கட்டளை. வரிகளின் வரிசை உங்கள் ஊசலை ஆட்டிப்படைத்தது இதனால்தான். சமன்பாட்டைச் சமன்பாடாகவே வைத்திருக்க விரும்பினால் குறியீடுகளை இயற்கணிதமாகவே கையாளும் சிம்பை என்ற பைத்தான் நூலகத்தைப் பாருங்கள். இயற்பியல் அமைப்புகளை மாதிரியாக்கும் மாடலிக்கா மொழி முழுவதுமே அந்த எண்ணத்தில் கட்டப்பட்டது. தனி ஊசலுக்கு இரண்டும் தேவையில்லை.

நிரல் சரியாக ஓடுகிறதா என்பதற்கு, விடை ஏற்கெனவே தெரிந்த இடங்களில் அதைச் சோதியுங்கள். 2 டிகிரியில் தொடங்கினால் அலைவு நேரம் 2.007 வினாடிக்கு அருகில் வர வேண்டும். தொடக்கக் கோணமும் வேகமும் பூச்சியமாக இருந்தால் ஊசல் அசையக் கூடாது. இடைவெளியைப் பாதியாக்கினால் ஆற்றலின் ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய பாதியாக வேண்டும். மொத்த ஆற்றலை ஒவ்வொரு ஓட்டத்திலும் வரைந்து பாருங்கள். முதல் நாளே அதை வரைந்திருந்தால் சமன்பாட்டைப் பலமுறை சரிபார்க்கும் வேலையே இருந்திருக்காது. இவை அனைத்தும் தேறினாலும், சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கிறீர்கள் என்றுதான் பொருள். உங்கள் மேசையில் ஆடும் ஊசலுக்கு அந்தச் சமன்பாடு பொருந்துமா என்பது வேறு கேள்வி. காற்றின் தடையும் தண்டின் நிறையும் அங்கேதான் வந்து நிற்கும். அதற்கு அளவீடு தேவை.

அடுத்து இரட்டை ஊசலுக்குத்தான் (ஓர் ஊசலின் நுனியில் இன்னொன்று) போவீர்கள், எல்லோரும் போகிறார்கள். அங்கே இடைவெளியைப் பாதியாக்கினால் சிறிது நேரத்துக்குப் பிறகு பாதையே வேறாகிவிடும். பயப்பட வேண்டாம், அது ஒழுங்கின்மையின் (கேயாஸ்) இயல்பு: தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் வேகமாகப் பெருகிவிடும். 1961-இல் வானிலையியலாளர் எட்வர்டு லாரன்ஸ் வானிலைக் கணிப்பை மறுபடி ஓட்டும்போது 0.506127-க்குப் பதில் 0.506 என்று கொடுத்ததில் கண்டது இதைத்தான். அங்கே நீண்ட நேரப் பாதைகளை ஒப்பிடாதீர்கள், ஆற்றலை ஒப்பிடுங்கள்.

நோட்புக் விஷயம்: வரைபடத்துக்கும் விளக்கத்துக்கும் அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் அதில் செல்களை (நிரல் துண்டுகள் இருக்கும் பெட்டிகளை) எந்த வரிசையிலும் ஓட்டலாம், நீக்கிவிட்ட செல்லின் மாறிகூட நினைவில் ஒளிந்திருக்கும். இயற்பியலை ஒரு தனி .பிஒய் கோப்பிலும், சோதனைகளை இன்னொன்றிலும் வைத்து, நோட்புக்கிலிருந்து அழையுங்கள். வழிகாட்டிக்கு அனுப்புமுன் கெர்னலை (நோட்புக்கின் பின்னால் நிரலை ஓட்டும் பகுதியை) மறுதொடக்கம் செய்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.