தினம் முப்பது வார்த்தை மனப்பாடம் வேணுமாங்க?

பவானித் தம்பிக்கு. செப்டம்பர்ல இங்கிலாந்துக்கு, இந்த லீட்ஸ் ஊருக்கு மேல்படிப்புக்கு வர்றீங்க, தினம் முப்பது கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தையை அர்த்தத்தோட உருப்போடறீங்க, இது போதுமான்னு கேட்டிருக்கீங்க.

கோபியில இருந்தப்ப நானும் அதேதானுங்க செஞ்சேன். நோட்டுல இந்தப் பக்கம் வார்த்தை, அந்தப் பக்கம் தமிழ். 'ரிடன்டன்ட்'னா தேவைக்கு மேல உள்ளதுன்னு எழுதி வெச்சிருந்தேன். தப்பில்லை. இங்க வேலைக்குச் சேர்ந்து பதினாலாவது மாசம் மேனேஜர் கூப்பிட்டு, என்ற வேலை 'ரிடன்டன்ட்' ஆகுதுன்னார். பளுவைக் குறைக்கறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சு, தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா முகத்தைப் பாத்த பொறவுதான் வேலையே போயிருச்சுன்னு வெளங்குச்சு. ஆட்குறைப்புக்கு இந்த ஊர்ல அதுதானுங்க வார்த்தை. அதுக்குச் சட்டப்படி ஒரு தொகை உண்டு, ஆனா அதே முதலாளிகிட்ட 2 வருஷம் முடிச்சிருக்கணும். நான் முடிக்கலை.

தெரியாத வார்த்தைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். தெரியும்னு நெனைக்கறதுதான் கவுத்துரும். ஈரோட்டுல லோன் 'சேங்ஷன்' ஆச்சுன்னா ஊட்டுல கறிச்சோறு. இங்க நியூஸ்ல ஒரு நாட்டு மேல 'சேங்ஷன்'னா தடை. வார்த்தை ஒண்ணுதான். அதனால வார்த்தையை ஒண்டியா எழுதாதீங்க, அது வந்த வரியோட ஒட்டுக்கா எழுதி வெய்ங்க. (இந்த 'ஒட்டுக்கா'வையே மெட்ராஸ்காரருக்குச் சொல்லிப் பாருங்க, முழிப்பார்.)

பாடப் புத்தகத்துக்குன்னா, நியூசிலாந்துல ஏவ்ரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா 2000-ல போட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' இருக்குதுங்க. பல்கலைக்கழகப் புத்தகங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற 570 சொற்குடும்பம் (ஒரு வார்த்தையும் அதுல இருந்து கெளைச்ச வார்த்தைகளும் சேர்ந்தா ஒரு குடும்பம்). அந்தப் புத்தகங்கள்ல பத்து வார்த்தைக்கு ஒண்ணு அதுல இருக்கும்னு கணக்கு. மொதல்ல அதை முடிங்க. உங்க ஆப்புல வர்ற பகட்டு வார்த்தைகளை இங்க யாரும் டீக்கடையில பேசறதில்லை.

டீன்னதும் ஞாபகம் வருது. இந்தப் பக்கம் யாராச்சும் பொழுதோட 'டீக்கு வாங்க'ன்னா சாப்பிட்டுட்டுப் போயிராதீங்க தம்பி. நான் அஞ்சு தோசை தின்னுட்டுப் போய் நின்னேன், மேசை பூரா சாப்பாடு.