கூமுட்டைக்கும் ரசீது கேளுங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோழி. மிக்சி, இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து ‘ஒரிஜினல் கடக்நாத்’ கருங்கோழி அடைமுட்டை 30 வாங்கினேன், ஒன்று 40 ரூபாய். பார்சலில் வந்தது. ஒன்பதுதான் பொரிந்தது. இரண்டு மாதம் ஆகிறது. நான்கு குஞ்சுக்குக் கால் மஞ்சள், நாக்கு சிவப்பு. கேட்டால் ‘உங்கள் பொரிப்பு மெஷின் சரியில்லை’ என்கிறார். (நெல்லிக்குப்பம்)

பதில்: மெஷின் சரியில்லை என்றால் முட்டை பொரியாமல் போகும். கால் மஞ்சளாகாது. இரண்டையும் சேர்த்துக் குழப்புவது அவருடைய சாமர்த்தியம்; நீங்கள் பிரித்துப் பேசுங்கள்.

முப்பதில் ஒன்பதே பொரிந்ததை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. குலுங்கி வந்த முட்டையில் காற்றறை ஆட்டம் கண்டிருக்கும். வந்த உடனே மெஷினில் அடுக்காமல், கூர்முனை கீழே இருக்கும்படி அரை நாளாவது அசையாமல் வைத்திருக்க வேண்டும். வைத்தீர்களா என்று எழுதவில்லை. வைத்திருக்க மாட்டீர்கள்.

மஞ்சள் கால் வேறு கதை. கடக்நாத்துக்குத் தோல், கால், நாக்கு, எலும்பு வரை கருமை இறங்கியிருக்கும். அதில் மஞ்சள் கால் வந்தால் அந்தக் கூட்டத்தில் வேறு ரத்தம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது மத்தியப் பிரதேசம் ஜாபுவாவின் கருங்கோழிக் கறிக்கு. இவருடைய அட்டைப்பெட்டிக்கு அல்ல. வீடியோவை இப்போதே சேமித்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, குஞ்சுகளின் படம் எல்லாம் சேர்த்து எழுத்தில் பணம் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 1,200 ரூபாய்க்கா இத்தனையும் என்று நினைப்பீர்கள். அவரும் அதை நம்பித்தான் விற்கிறார்.

கேள்வி: வில்லியனூர் பக்கம் ஒருவர் கடக்நாத்தின் கருப்பு முட்டை என்று ஒன்று 60 ரூபாய்க்குக் கொடுத்தார். ஆறு வாங்கிவிட்டேன். தண்ணீரில் போட்டால் சாயம் போகிறது. அசல்தானா?

பதில்: கடக்நாத் கருப்பு முட்டை இடாது. வெளிர் பழுப்புதான். சாயம் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அசல்தானா என்று கேட்கிறீர்களே, தம்பி!

கேள்வி: வீட்டிலேயே சிறுவிடை நாட்டுக்கோழி பொரிக்க ஆசை. 50 முட்டை இன்குபேட்டர் 4,000 முதல் 15,000 வரை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? (திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

பதில்: நான் வாங்கியதை வாங்காதீர்கள். சில வருடத்துக்கு முன் 4,500 ரூபாய்க்கு ஒரு தெர்மோகோல் பெட்டி தருவித்தேன். பச்சை எழுத்தில் 37.5 என்று அழகாகக் காட்டும். 40 முட்டை வைத்தேன். பத்தொன்பதாம் நாள் விடிகாலையில் கீச் கீச்சென்று சத்தம். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டதே என்று மனைவியை எழுப்பிக் காட்டினேன். மொத்தம் ஐந்து குஞ்சு. மூன்றுக்குத் தொப்புள் மூடவில்லை, மஞ்சள்கரு வெளியே ஈரமாகத் துருத்திக்கொண்டிருந்தது. சூடு அதிகமானால் இப்படித்தான் அவசரமாக வரும். சந்தேகப்பட்டுக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தால், பெட்டி காட்டுவதைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடு. விற்றவர் கேட்ட ஒரே கேள்வி: “பெட்டியைத் திறந்துட்டீங்களா சார்?” திறந்தால் வாரண்டி இல்லையாம். முட்டையை எப்படி உள்ளே வைப்பது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆகவே விலையைப் பார்க்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். விசிறி உள்ளே இருக்க வேண்டும். முட்டையைத் தானே திருப்பிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 18ஆம் நாள் வரை தினமும் மூன்று தடவையாவது உங்கள் கைதான் திருப்ப வேண்டும், கல்யாணம் காட்சி என்று போக முடியாது. பேட்டரியில் ஓடும் வசதி வேண்டும். வாங்கியதும் முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்க வெறுமனே ஓட்டி, டிஜிட்டல் தெர்மாமீட்டரால் நாலு மூலையும் பாருங்கள். 99.5 ஃபாரன்ஹீட்டை, அதாவது 37.5 செல்சியஸை ஒட்டி வர வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50-55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். அந்த மூன்று நாளும் மூடியைத் திறக்காதீர்கள், எத்தனை ஆசையாக இருந்தாலும்.

இன்னொன்று, நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மெஷினை நம்பாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2024இல் ஃபெஞ்சல் வேறு. மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் மேலே கம்பளி போட்டு மூடினால் சில மணி நேரம் தாங்கும். நாள்கணக்கில் தாங்காது.

அம்மா, உங்களுக்கு 50 முட்டை எதற்கு? அடை கூவும் சிறுவிடைப் பெட்டை ஒன்று வாங்குங்கள். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, என் பாட்டி வைத்த மாதிரி ஒரு இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இடி விழுந்தால் இரும்பு காக்கும் என்பாள் பாட்டி. அது எப்படியோ, கோழிக்கு வாரண்டி அட்டை தேவைப்படவில்லை. முட்டை மட்டும் ஏழு நாளுக்குள் இட்டதாக இருக்கட்டும். கழுவாதீர்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்த மாதிரி நரம்பு தெரிந்தால் கரு, ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் பாய்ந்தால் கூமுட்டை.

கேள்வி: ஒரு நாள் குஞ்சு பத்து, எல்லாம் பெட்டை வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆறு சேவல். (கடலூர் முதுநகர்)

பதில்: நாட்டுக் குஞ்சை முதல் நாளில் பார்த்துச் சேவல், பெட்டை சொல்வது பழகிய கைக்கே கடினம். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெட்டை என்று கூடுதல் விலை வாங்கியிருந்தால் அந்தக் கூடுதலைத் திருப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் குழம்பு வையுங்கள்.

கேள்வி: என்னிடம் கலப்புச் சேவலோடு திரியும் பெருவிடை நாட்டுக்கோழிப் பெட்டை நான்கு. நல்ல கிளிமூக்கு ஜாதிச் சேவலை இரண்டு நாள் விட 1,000 ரூபாய் கேட்கிறார். அடுத்த நாளிலிருந்து வருவதெல்லாம் சுத்த முட்டை என்கிறார். (முத்தியால்பேட்டை)

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். ‘சுத்தம்’, ‘ஒரிஜினல்’, ‘பியூர்’ என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் நடக்கும் கூத்து தங்கக் கடையில்கூட நடக்காது. அங்கே முத்திரையாவது இருக்கிறது. முட்டை ஓட்டின் மேல் அப்பன் பெயர் எழுதியிருக்காது.

சேவல் ஒருமுறை மிதித்தால் அந்த விந்து பெட்டையின் உடம்பிலேயே தங்கி, இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை முட்டைகளுக்குக் கருக்கொடுக்கும். ஆகவே இன்று கிளிமூக்கு மிதித்தாலும் நாளை வரும் முட்டையில் உங்கள் பழைய கலப்புச் சேவலின் குஞ்சு இருக்கலாம். செய்ய வேண்டியது: கலப்புச் சேவலை முதலில் விலக்குங்கள். மூன்று வாரம் வருகிற முட்டையை ஆம்லெட் போடுங்கள். அதற்குப் பிறகு நல்ல சேவலை விட்டு, ஒரு வாரமாவது பெட்டைகளோடு இருக்கட்டும். அதன் பின் வருவதை அடை வையுங்கள். இரண்டு நாளுக்கு ஆயிரம் கேட்பவரிடம் ஒரு வாரத்துக்குப் பேசுங்கள்.

விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதில்லை. பஞ்சாரத்தில் ஒரு அருமையான சேவலைக் காட்டுவார்கள், கொல்லையில் நாலு கலப்புச் சேவல் திரியும், முட்டை கொல்லையிலிருந்து வரும். அதனால் சேவல் படத்தைப் பார்த்து முட்டை வாங்காதீர்கள். நேரில் போங்கள், கொல்லைக்குப் போங்கள். பெட்டைகளைப் பாருங்கள், குஞ்சில் பாதி அவைதான். ‘நோய் பரவும், உள்ளே விட மாட்டேன்’ என்பவர் நல்ல பண்ணைக்காரராகவும் இருக்கலாம். வேலிக்கு வெளியே நின்று பார்க்கவாவது விடுவார்.

கேள்வி: கிரிராஜா கோழி வாங்கி வளர்த்தேன், அருமை. அதன் முட்டையைப் பொரித்தால் குஞ்சுகள் ஒன்று போல் ஒன்று இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (பாகூர்)

பதில்: இல்லை. அது கலப்பினம். அடுத்த தலைமுறை சிதறும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குஞ்சு வாங்குங்கள்.

கேள்வி: குஞ்சும் தீவனமும் தருவார்களாம், வளர்த்துக் கொடுத்தால் மாதச் சம்பளம் மாதிரிப் பணமாம். 1.5 லட்சம் டெபாசிட். (பண்ருட்டி)

பதில்: வேண்டாம். 2012இல் பெருந்துறைப் பக்கம் இப்படியே டெபாசிட் கட்டி ஈமு வளர்த்து ஏமாந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: சந்தையில் அசில் சண்டைக்கோழி ஜோடி 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தன. ஒரு வாரத்தில் வீட்டில் இருந்த பதினொன்றும் போய்விட்டது. அம்மா வளர்த்தவை. விற்றவர் ‘வாங்கும்போது நல்லாத்தானே இருந்தது’ என்கிறார். (குறிஞ்சிப்பாடி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது ராணிக்கெட் மாதிரி இருக்கிறது, நம் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்போம். மூன்றாம் நாளே விழுந்தன என்றால் பெரும்பாலும் வரும்போதே நோயோடுதான் வந்திருக்கும். விற்றவர் சொல்வது சமாதானம் ஆகாது. ஆனால் நிரூபிக்க, செத்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதனை அறிக்கை வாங்கியிருக்க வேண்டும். புதைத்துவிட்டீர்கள். சந்தையில் ரசீதும் இல்லை. ஆறாயிரம் திரும்பும் என்று பொய் சொல்ல மாட்டேன். சந்தைக் குத்தகைதாரரிடம் அந்த ஆளைப் பற்றிச் சொல்லி வையுங்கள், அடுத்தவராவது தப்பட்டும்.

கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம் காலியாக விடுங்கள். இனி எது வந்தாலும் மூன்று வாரம் தனியே. கால்நடை மருந்தகத்தில் குஞ்சுக்கு முதல் வாரத்திலும், எட்டு வாரத்திலும் ராணிக்கெட் தடுப்பு மருந்து கேளுங்கள். கோழிக்கழிச்சல் முகாம் நடக்கும்போது பணம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன கோழி? (சிதம்பரம்)

பதில்: சிறுவிடை மூன்று பெட்டை, ஒரு சேவல். அப்புறம் கடக்நாத் என்று 800 ரூபாய்க்கு வாங்கிய ஒன்று. இறகு கருப்பு, நாக்கு ரோஜாப்பூ நிறம். கடக்நாத் என்று விற்க மனம் வரவில்லை, உள்ளதைச் சொன்னால் வாங்க ஆளில்லை. ஆகவே இருக்கிறது.