1976-ஆம் ஆண்டு பேஸ் கிட்டாருக்கு 1962-இன் பாகங்கள் எதற்கு?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் வாசித்துவந்த என் பெரியப்பாவின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 1377633 என்று பொறித்திருக்கிறது. தடித்த இரண்டு தந்திகளின் ஒலி மட்டும் மிகவும் மெலிந்து கேட்கிறது. 1962 மாதிரிப் பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) துணி உறையிட்ட வயரும் பொருத்திப் பழைய நிலைக்கே கொண்டுவந்து தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், காக்ஸ் டவுன், பெங்களூரு)

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் தந்த எண்ணில் 137 என்பது பாட்டைத் தயாரித்த சி.டி.எஸ். நிறுவனத்தின் குறியீடு, 76 என்பது ஆண்டு, 33 என்பது வாரம். பாட்டின் ஈயப் பற்றுகள் கைபடாதவையாக இருந்தால், அதாவது பாட் பின்னால் மாற்றப்படவில்லை என்றால், 1976 ஆகஸ்டுக்கு முன் இந்தக் கருவி உருவாகியிருக்க முடியாது. ஃபெண்டர் நிறுவனம் 1960-களின் முடிவிலேயே துணி உறை வயரைக் கைவிட்டு பிளாஸ்டிக் உறை வயருக்கு மாறிவிட்டது. பிக்கப் சுற்றும் கம்பியும் 1960-களின் நடுவில் ஃபார்ம்வார் என்ற மின்காப்புப் பூச்சிலிருந்து சாதாரண எனாமல் பூச்சுக்கு மாறியது. ஆகவே கடைக்காரர் சொல்லும் பாகங்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், உங்கள் கருவியைப் பொறுத்தவரை அவை வேறொரு காலத்துக்கு உரியவை.

இனிக் கோளாறுக்கு வருவோம். பிரிசிஷன் பேஸின் பிக்கப் 1957 முதல் இரண்டு பாதிகளாக வருகிறது. ஒவ்வொரு பாதியும் ஒரு காயில் (கம்பிச்சுருள்) கொண்டது, இரண்டு தந்திகளுக்கு உரியது. இரு காயில்களும் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்றில் கம்பி அறுந்தால் நான்கு தந்திகளும் சேர்ந்தே அடங்கிவிடும். உங்களுக்கு இரண்டு மட்டுமே மெலிந்திருப்பதால் கம்பி அறுந்திருக்க வாய்ப்பில்லை. பிக்கப்பின் அடியில் வைக்கும் ஃபோம் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே பொடிந்துபோகும். அந்தப் பாதி உள்ளே அமிழ்ந்து தந்தியை விட்டு விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் புதிய ஃபோம் துண்டு ஒன்றோடு வேலை முடிந்துவிடும். இதைப் பார்க்காமலே பிக்கப் மாற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உயரம் சரியாக இருந்தால், பிக்கப்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக அளவிடுங்கள். பாதிக்கு ஏறத்தாழ 5 கிலோ ஓம், இரண்டும் சேர்ந்து 10 முதல் 11 வரை இருந்தால் காயில்கள் நலம். ஒரு பாதி மட்டும் வெகுவாகக் குறைத்துக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டன என்று பொருள். அல்நிகோ காந்தத் தண்டுகளில் ஏறும் துரு, அவற்றை ஒட்டிய உட்சுற்றுகளின் பூச்சை அரிப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். தண்டுகளை மட்டும் அழுத்தியோ தட்டியோ பார்த்துவிடாதீர்கள்; நலமாக உள்ள காயிலும் அதில் அறுந்துவிடும்.

அந்த நிலையிலும் புதிய பிக்கப் வாங்குவதைவிட, பழுதான பாதியை மட்டும் 42 கேஜ் எனாமல் கம்பியால் மறுபடி சுற்றுவிப்பதே முறை. காந்தமும் தளத்தட்டும் அசலாகவே நிற்கும். அந்தக் கம்பி ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர், தலைமுடியளவு மெலியது; மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம், பிக்கப் சுற்றிப் பழகியவரிடமே கொடுங்கள். திரும்பி வந்தபின் இரைச்சல் கூடியிருந்தால் பதற வேண்டியதில்லை: இரு பாதிகளும் ஒன்றன் இரைச்சலை மற்றொன்று நீக்கும்படி எதிர்த்திசையில் இணைந்திருக்க வேண்டும், சுற்றிய காயிலின் இரு முனைகளை இடம் மாற்றினால் சரியாகும்.

பாட்கள் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். மாற்றியே தீர வேண்டுமென்றால் 250 கிலோ ஓம், கால் அங்குல முழுத்தண்டு, 3/8 அங்குலக் கழுத்து என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிறிய மெட்ரிக் பாட்கள் துளையிலும் ஆடும், குமிழிலும் நிற்காது. அவற்றுக்காகப் பாட்கள் பொருந்தியிருக்கும் தகட்டைக் குடைய யாரையும் விடாதீர்கள். ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் கெப்பாசிட்டர் 0.05 மைக்ரோஃபேரட் செராமிக் வட்டு. அது பழுதாவது அரிது.

மேற்பூச்சைத் தொடாதீர்கள். 1976-இல் இருந்தது தடித்த பாலியெஸ்டர் பூச்சு. அதைச் சுரண்டி நைட்ரோசெல்லுலோஸ் என்ற பழைய வகை லாக்கர் அடித்தால் பெரியப்பாவின் கைபட்ட தேய்மானமும் போகும், விலையும் சரியும். எதைக் கழற்றினாலும், கடைசித் திருகு உட்பட, ஒரு டப்பாவில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.