ஆட்டைத் துரத்தும் நாய்க்குட்டியை மேய்ச்சல் வேலைக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: ஐயா, கொழும்பு மட்டக்குளியில் பதினெட்டு ஆடு வைத்திருக்கிறேன், ஜமுனாபாரிக் கலப்பு. காலையில் களனி ஆற்றங்கரையோரம் மேய விடுவேன். ஒரு பக்கம் ரோட்டு, லொறி ஓயாமல் ஓடும். ஆடு மறிக்க உதவும் என்று ஒரு அல்சேஷன் கலப்புக் குட்டி வளர்க்கிறேன், இப்போது ஒன்பது மாதம். அது ஆட்டைக் கண்டால் துரத்துகிறது. போன கிழமை ஒரு ஆட்டுக்குட்டியின் பின்னங்காலைக் கவ்விவிட்டது. கத்தினால் இன்னும் வேகமாக ஓடுகிறது. இதைப் பழக்கலாமா, இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடவா?

பதில்: கொடுத்துவிட வேண்டாம், தம்பி. துரத்தும் ஆசையே இல்லாத நாயை ஆட்டு வேலைக்குப் பழக்க முடியாது. உங்கள் நாயிடம் ஆசை இருக்கிறது, அதை நிறுத்தும் சொல்தான் இன்னும் இல்லை. நீங்கள் பின்னால் கத்திக்கொண்டு ஓடும்போது, நீங்களும் சேர்ந்து விரட்டுகிறீர்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகள் பூனையைக் காட்டி ‘ச்சூ, பிடி’ என்று ஏவிவிடுவார்களானால், அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு மூன்று கிழமை ஆட்டுப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். வளவுக்குள் ஐந்தாறு மீட்டர் கயிற்றில் கட்டி மூன்றே மூன்று சொல் பழக்குங்கள்: ‘வா’, ‘படு’, ‘போதும்’. இதில் உயிர்நாடி ‘படு’. பின்னேரம் சோறு வைக்கும் நேரம்தான் அதற்கு நல்ல நேரம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தரம் ‘படு’ என்று சொல்லிப் பொறுத்திருங்கள். வயிறு நிலத்தில் முட்டியதும் தட்டை வையுங்கள். ‘படு, படு, படு’ என்று அடுக்கினால், மூன்றாவது தரம் சொல்லும்போது படுத்தால் போதும் என்று அது படித்துக்கொள்ளும். தட்டு முன்னால் இருக்க, மதிலில் காகம் வந்து குந்தியிருக்க, அப்போதும் ஒரு சொல்லுக்குப் படுத்துக் கிடந்தால் உங்கள் நாய் ஆட்டுக்குப் போக ஆயத்தம். ‘போதும்’ என்றால் வேலையை விட்டுவிட்டு உங்களிடம் திரும்பி வருவது.

கொழும்பில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் தமிழில் ‘படு’ என்பீர்கள், உதவிக்கு வரும் பையன் சிங்களத்தில் ‘இந்தகன்ன’ என்பான், பிள்ளைகள் ‘சிட்’ என்பார்கள். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான், ஆனால் ஒரு வேலைக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுங்கள்.

பிறகு ஆடு. வயது வந்த, நாய்க்குப் பழகிய நாலைந்து ஆட்டை மட்டும் சின்ன அடைப்புக்குள் விடுங்கள். சினை ஆடு வேண்டாம், வெருண்டு ஓடினால் கரு கலைந்துவிடலாம். குட்டி போட்ட தாயும் முட்டுகிற கிடாயும் வேண்டவே வேண்டாம். செம்மறி நாயைக் கண்டால் ஒன்றாகக் கூடும். வெள்ளாடு அப்படியல்ல, திரும்பி நின்று காலால் நிலத்தைத் தட்டும். ஒரு தரம் முட்டு வாங்கிய குட்டி நாய் பயந்து பின்வாங்கும், இல்லாவிட்டால் கடிக்கப் பழகிவிடும்.

ஆட்டுக் கூட்டத்தை ஒரு மணிக்கூட்டின் முகமாக நினையுங்கள். நீங்கள் ஆறில் நின்றால் நாய் பன்னிரண்டில் நிற்க வேண்டும். நீங்கள் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் கூட்டத்துக்கு அந்தப்பக்கம் நிற்க அதுவும் நகரும். திசைச் சொல்லை அந்த நேரத்தில்தான் சொல்ல வேண்டும், அது போய்க்கொண்டிருக்கும் திசையின் பெயராக. சொல்லிவிட்டுப் போகவைக்கப் பார்க்காதீர்கள். ‘இடம்’, ‘வலம்’ என்று வைக்க வேண்டாம், இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் தூரத்தில் காற்றடிக்கும்போது பிரித்துக் கேட்காது. இங்கிலாந்து மேய்ப்பர்கள் மணிக்கூட்டுத் திசைக்கு ‘கம் பை’, எதிர்த்திசைக்கு ‘அவே’ என்று ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களையே வைத்திருக்கிறார்கள். நீங்கள் ‘சுத்து’, ‘அப்பால்’ என்று வைக்கலாம். கையில் நீளத் தடி வைத்திருங்கள். அது அடிக்க அல்ல, கையை நீட்டிக் காட்ட.

வாலைக் கவனியுங்கள். மேலே தூக்கி ஆட்டினால் அது விளையாடுகிறது, கீழே தொங்கவிட்டு ஆட்டிலேயே கண்ணாக இருந்தால் வேலையில் இறங்கிவிட்டது. கழுத்தை நீட்டி உதட்டைச் சுருக்கினால் கவ்வப் போகிறது. அந்த நொடிக்கு முன்னரே ‘படு’ வந்துவிட வேண்டும்.

இன்னொன்று, அல்சேஷனிடம் ஆட்டைக் கூட்டிவரும் வேலையை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அது பொர்டர் கொலி என்ற மேய்ப்பு நாயின் குணம். 1899இல் கப்டன் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் ஜெர்மனியில் அல்சேஷன் இனத்துக்குச் சங்கம் தொடங்கியபோது அடிப்படையாக இருந்தவை மந்தையின் ஓரமாக நடந்து எல்லை காக்கும் நாய்கள். பயிருக்கும் மந்தைக்கும் நடுவே நடமாடும் வேலி மாதிரி. லொறி ரோட்டோரம் உங்களுக்குத் தேவையானதும் அதுதான். ஆகவே திசைச் சொல் கொஞ்சம் பிடிபட்டதும், ரோட்டுப்பக்கம் ஒரே கோட்டில் உங்களோடு கயிற்றில் போய்வரப் பழக்குங்கள். கோட்டைத் தாண்டாத ஆட்டை அது தொடக்கூடாது.

காலை ஏழு மணிக்குள் அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு, ஒரு தரம் ஐந்து நிமிடம். கொழும்புப் புழுக்கத்தில் அல்சேஷன் மயிர்க்காரனுக்கு அதுவே அதிகம். நாக்கு அகலமாகத் தொங்கி எச்சில் தடித்து வடிந்தால் நிழலும் தண்ணீரும் கொடுத்து அன்றைக்கு விட்டுவிடுங்கள். எலும்பும் இன்னும் வளர்கிறது.

கடிபட்ட ஆட்டுக்குட்டியின் காலைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நாய்க்கு விசர்நாய் ஊசி இந்த வருடம் போட்டதா என்று அட்டையைப் பாருங்கள். வெட்டிய ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. அதிலிருந்து நாய்க்கு நாடாப்புழு வரும், அதன் முட்டை மலத்தோடு புல்லில் விழும், அதை மேய்ந்த ஆட்டுக்கு மூளையில் நீர்க்கட்டி வந்து ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். புழுமருந்து எப்போது கொடுப்பது என்பதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆற்றங்கரைக்கு முதல் நாள் கொண்டுபோகும்போது கயிற்றைக் கழற்றாதீர்கள். கழுத்தில் கிடந்து புல்லில் இழுபடட்டும். சொல் தவறினாலும் காலால் மிதிக்க அந்தக் கயிறு இருக்கும்.