கையடக்க கன்சோலின் படம் லேப்டாப்பில் தெரியுமா?

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "மகனிடம் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் இருக்கிறது. ரீயூனியனில் உள்ள என் தம்பி வாங்கிக் கொடுத்தது. சாயங்காலமானால் டிவி மாமியார் வசம். சீரியல்கள் முடியும்வரை ரிமோட் கைக்கு வராது. அதனால் ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பில் செருகிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. வேறு கேபிள் வாங்கினோம், அப்போதும் அதே கதை. லேப்டாப்பின் போர்ட் பழுது என்கிறார் கடைக்காரர். மகளிடம் அதன் சிறிய வகையான ஸ்விட்ச் லைட், கணவரிடம் சோனியின் பழைய கையடக்க கன்சோலான பிஎஸ்பி. மூன்றையும் கணினியில் காட்ட முடியுமா? பிள்ளைகள் ஆடுவதை ரெக்கார்ட் செய்து அவர்கள் மாமாவுக்கு அனுப்பவும் ஆசை."

முதலில், அந்த லேப்டாப்பை யாரிடமும் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட் ஒருவழிப் பாதை. லேப்டாப்பின் படத்தை டிவிக்கோ புரொஜெக்டருக்கோ அனுப்பத்தான் அதை வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கிக்கொள்ளும் சில்லு அதன் பின்னால் இல்லை. டாக்கும் அனுப்புகிறது, லேப்டாப்பும் அனுப்புகிறது. வாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த கேபிளைப் போட்டாலும் இது மாறாது. சில ஆல்-இன்-ஒன் கணினிகளிலும், மிகச் சில கேமிங் லேப்டாப்புகளிலும் படத்தை உள்ளே வாங்கும் எச்டிஎம்ஐ போர்ட் தனியாக இருந்ததுண்டு. இருந்தால் பக்கத்தில் 'இன்' என்று அச்சிட்டிருப்பார்கள். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லையென்றால் இல்லைதான்.

அடுத்து நான் கேட்க வேண்டியது: உங்களுக்கு உண்மையில் லேப்டாப்தான் வேண்டுமா, இல்லை டிவியை விட்டால் இன்னொரு திரை போதுமா? ஆடுவதற்கு மட்டும் என்றால் கணினியே தேவையில்லை. எச்டிஎம்ஐ உள்ள ஒரு பழைய மானிட்டர் போதும். அலுவலகங்கள் கணினி மாற்றும்போது கழித்துவிடும் மானிட்டர்கள் நம் ஊரில் மலிவாகவே கிடைக்கின்றன. டாக்கிலிருந்து வரும் கேபிளை அதில் நேராகச் செருகினால் படம் தாமதமில்லாமல் வரும். மென்பொருள் தொல்லையும் கிடையாது.

அப்படிப் பழைய மானிட்டர் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ இல்லாமல் டிவிஐ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஒரு சிறிய எச்டிஎம்ஐ-டிவிஐ மாற்றி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன் வழியாகப் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. அதற்கும் வழி உண்டு: ஸ்விட்ச் டாக்கில் உட்கார்ந்திருக்கும்போதும் அதன் தலையில் உள்ள ஹெட்ஃபோன் துளை வேலை செய்யும். சிறிய ஸ்பீக்கர் ஒன்றை அதில் செருகிவிடுங்கள். நீல நிற விஜிஏ போர்ட் மட்டும் உள்ள மானிட்டர் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மின்சாரம் வாங்கி வேலை செய்யும் மாற்றிக் கருவி தனியாக வேண்டும். அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால் எச்டிஎம்ஐ உள்ள மானிட்டரே வந்துவிடும்.

ரெக்கார்ட் செய்யும் ஆசைக்குத்தான் கணினி வேண்டும். அதற்கு நடுவில் கேப்சர் கார்டு என்ற கருவி தேவை. பெயர்தான் கார்டு. இப்போது வருபவை பெரும்பாலும் பென் டிரைவ் அளவில், ஒரு முனையில் எச்டிஎம்ஐ துளையும் மறுமுனையில் யுஎஸ்பியுமாக இருக்கும். டாக்கின் எச்டிஎம்ஐ கேபிள் ஒரு பக்கம், லேப்டாப்பின் யுஎஸ்பி மறுபக்கம். விண்டோஸோ மேக்கோ அதை ஒரு வெப்கேம் என்றே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவற்றுக்கு அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் தனியாக வேண்டியதில்லை.

வாங்கும்போது பெட்டியில் உள்ள '4கே' (மிக நுண்ணிய படத் தரம்) என்ற கொட்டை எழுத்தை நம்பிவிடாதீர்கள். மலிவுக் கருவிகளில் அதன் பொருள், 4கே படம் வந்தால் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான். கணினிக்கு அதே அளவில் தரும் என்பதல்ல. கணக்கைப் பாருங்கள். 1920×1080 அளவுள்ள படம் நொடிக்கு 60 தடவை, ஒரு புள்ளிக்கு 24 பிட் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 கிகாபிட். யுஎஸ்பி 2.0 தாங்குவதோ அதிகபட்சம் 480 மெகாபிட். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அந்தக் கருவிகள் ஒவ்வொரு படத்தையும் ஃபோட்டோக்களைச் சுருக்கும் ஜேபெக் முறை போலச் சுருக்கி அனுப்புகின்றன, அதிலும் 1080 என்றால் பெரும்பாலும் நொடிக்கு 30 படம்தான். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப இது தாராளம். பிள்ளைகள் யூடியூப் சேனல் தொடங்கப் போகிறார்கள் என்றால் மட்டும் யுஎஸ்பி 3.0 கருவி வாங்குங்கள். பெட்டியில் '1080பி 60' என்பது கேப்சர் என்ற சொல்லுக்கு எதிரே போட்டிருக்கிறதா, வெறும் இன்புட் என்பதற்கு எதிரேயா என்று பார்த்து வாங்க வேண்டும். லேப்டாப்பில் உள்ளே நீல நிறமாக இருக்கும் யுஎஸ்பி துளை பொதுவாக 3.0. அதில் நேராகச் செருகுங்கள், நடுவில் ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் வேண்டாம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். நிறுவியதும் கீழே 'சோர்சஸ்' பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் சொந்தக் கேமராவும் பட்டியலில் இருக்கும். உங்கள் முகம் தெரிந்தால் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். யுஎஸ்பி வீடியோ என்பது போன்ற பெயரைத் தேர்ந்தெடுங்கள். அதே ஜன்னலில் அளவை 'கஸ்டம்' என்று மாற்றி 1280×720, நொடிக்கு 60 என்று வைத்துப் பாருங்கள். மலிவுக் கருவிகளில் 1080இல் 30 படத்தைவிட, 720இல் 60 படம் கண்ணுக்கு இதமாக இருக்கும், குறிப்பாகக் கார் ஓட்டும் ஆட்டங்களில். திரை கறுப்பாகவே இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், செயலிகளுக்குக் கேமரா அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் வந்துவிடும், சத்தம் வராது. எனக்கு இந்த விஷயத்தில் வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஓபிஎஸ் ஒலியைப் பதிவு செய்யும், ஆனால் நாமாகச் சொல்லாமல் ஸ்பீக்கரில் ஒலிக்காது. ஆடியோ மிக்சர் பகுதியில் அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அமைப்புக் குறியை அழுத்தி 'அட்வான்ஸ்ட் ஆடியோ பிராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஆடியோ மானிட்டரிங்' என்ற பத்தியில் 'மானிட்டர் அண்ட் அவுட்புட்' என்று மாற்றினால் சத்தம் கேட்கும். சில மலிவுக் கருவிகள் இரண்டு தடங்களாக வரும் ஒலியைக் கணினிக்கு ஒரே தடமாகக் காட்டும். இடது வலது பிரிந்து கேட்கவில்லையென்றால் குறை உங்கள் காதில் இல்லை.

இன்னொரு அமைப்பையும் மாற்றிவிடுங்கள். ரெக்கார்டிங் வடிவத்தை எம்பி4 என்று வைக்காமல் எம்கேவி என்று வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் எம்பி4 கோப்பு முழுவதும் திறக்காமல் போகக்கூடும். எம்கேவியில் அதுவரை பதிவானது பிழைக்கும். நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதிவரை சூறாவளிக் காலம் பார்க்கும் தீவில் இருந்துகொண்டு வேறு வடிவத்தில் பதிவு செய்வது வீண் துணிச்சல். முடிந்தபிறகு ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ்' கொடுத்தால் சில நொடிகளில் எம்பி4 கிடைத்துவிடும்.

லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டே ஆடலாமா என்றால், ஆடலாம், மகிழ மாட்டீர்கள். கருவி படத்தைச் சுருக்க வேண்டும், கணினி அதை விரித்துக் காட்ட வேண்டும். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே ஓர் இழுவை விழும். புதிர் ஆட்டங்களில் அது தெரியாது. குதித்துத் தாண்டும் ஆட்டம் என்றால் மகன் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருப்பான், பிறகு கன்ட்ரோலர்மேல் பழி போடுவான். இதற்குத்தான் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் அல்லது 'லூப் அவுட்' துளை உள்ள கேப்சர் கருவி. டாக்கிலிருந்து வரும் படம் இரண்டாகப் பிரியும்: ஒன்று மானிட்டருக்கு, அதைப் பார்த்து ஆடுவது, மற்றொன்று லேப்டாப்புக்கு, அது பதிவுக்கு மட்டும். டாக்கில் வைத்ததும் ஸ்விட்சின் சொந்தத் திரை அணைந்துவிடுவதால் கையில் ஒரு திரை, டிவியில் ஒரு திரை என்று வைத்துக்கொள்ள முடியாது. ஸ்பிளிட்டர் அந்தக் குறையையும் தீர்க்கிறது. உங்கள் வீட்டுக்கு நான் வாங்கச் சொல்வது இதுதான்: பழைய மானிட்டர் ஒன்று, மலிவான கேப்சர் கருவி ஒன்று, ஸ்பிளிட்டர் ஒன்று. மானிட்டரை முதலில் வாங்குங்கள். மற்ற இரண்டும் ரெக்கார்ட் செய்யும் ஆசை ஒரு மாதம் கழித்தும் நிலைத்திருந்தால்.

அப்படியும் மானிட்டரில் படம் வரவில்லையென்றால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் சார்ஜரைப் பாருங்கள். ஸ்விட்சுடன் வரும் அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தரும். டாக்கில் ஃபோன் சார்ஜரைச் செருகினால் ஸ்விட்ச் சார்ஜ் ஆகலாம், டிவிக்குப் படம் போகாது. டாக்கின் முன்பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் படம் வெளியே போகிறது. எரியவில்லையென்றால் அடாப்டரைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் கழற்றி, அரை நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள்.

உங்களுடையது ரீயூனியனிலிருந்து வந்தது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிரெஞ்சு முறைச் சாக்கெட். அடாப்டரில் இரண்டு உருண்டை முள்தான் இருக்கும். நம் வீடுகளில் மூன்று சதுரத் துளை உள்ள சாக்கெட் இருந்தால், மேல்துளையில் பேனா மூடியையோ ஸ்க்ரூ டிரைவரையோ நுழைத்து உள்கதவைத் திறந்து, அந்த உருண்டை முள்ளை அழுத்திச் செருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள், பிள்ளைகள் பார்க்கச் செய்யவே செய்யாதீர்கள். முள் தளர்ந்து நின்று பொறி பறக்கும், சாக்கெட் கருகும். தரமான பிளக் மாற்றி ஒன்றை வாங்கி அதிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆகவே மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மகளின் ஸ்விட்ச் லைட்டுக்குப் பதில் கசப்பானது. 2019இல் வந்த அந்த மாடலில் படத்தை வெளியே அனுப்பும் வசதியே இல்லை. டாக்கில் வைத்தாலும், எந்த யுஎஸ்பி-எச்டிஎம்ஐ மாற்றியைப் போட்டாலும் வராது. 'லைட்டுக்கும் பொருந்தும்' என்று சொல்லி யாராவது கேபிள் விற்றால் வாங்காதீர்கள். கன்சோலின் மென்பொருளை உடைத்து யுஎஸ்பி வழியாகப் படத்தை இழுக்கும் வழிகள் இருக்கின்றன. நின்டெண்டோ கண்டுபிடித்தால் அந்தக் கருவியை ஆன்லைனிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடும். குழந்தையின் கன்சோலில் அந்த விளையாட்டு வேண்டாம். வேறு இரண்டு வழிகள் உண்டு. அவளுடைய கேம் கார்டை அண்ணனின் ஸ்விட்சில் போட்டால் ஆட்டம் அப்படியே ஓடும். லைட்டில் சேமித்த நிலையை அங்கே தொடர வேண்டுமென்றால் செட்டிங்ஸில் உள்ள சேவ் டேட்டா மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும், சில ஆட்டங்கள் அதற்கு இடம் தராது. மாமாவுக்கு அனுப்ப மட்டும் என்றால் இன்னும் எளிது: இடது பக்கத்தில் உள்ள சிறிய சதுர கேப்சர் பட்டனை அழுத்திப் பிடித்தால் கடைசி 30 நொடி வீடியோவாகச் சேமிக்கப்படும். எல்லா ஆட்டங்களும் இதை அனுமதிப்பதில்லை, பெரும்பாலானவை அனுமதிக்கும். ஆல்பத்தில் அதைத் திறந்து 'ஸ்மார்ட்ஃபோனுக்கு அனுப்பு' கொடுத்தால் கியூஆர் குறி வரும். ஃபோன் கேமராவைக் காட்டினால் வேலை முடிந்தது. யுஎஸ்பி கேபிள் போட்டுக் கணினிக்கும் நகலெடுக்கலாம். இது மகனின் ஸ்விட்சிலும் உண்டு. உண்மையைச் சொன்னால், மாமாவுக்காக மட்டும் என்றால் கேப்சர் கருவியே வேண்டாம்.

கணவரின் பிஎஸ்பிக்கு மாடல் எண்தான் பதில். 1000 வரிசை என்றால் படம் வெளியே வராது. 2007இல் வந்த 2000 வரிசையிலிருந்துதான் டிவி கேபிள் வசதி. 2000இல் ஆட்டங்களுக்குக் கம்போனென்ட் கேபிள், அதாவது படத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றும் ஒலிக்கு இரண்டுமாக ஐந்து முனை உள்ளதே வேண்டும். அதற்கடுத்த 3000இல் மஞ்சள் முனை உள்ள சாதாரண ஏவி கேபிளிலும் ஆட்டங்கள் வரும். உங்களுடையது 3000 என்றால், அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை வாங்கிக்கொள்ளும் யுஎஸ்பி கேப்சர் கருவி தனியாகக் கிடைக்கும். பழைய விஎச்எஸ் கேசட்டுகளை மாற்ற விற்பதும் அதுவே. பிஎஸ்பியின் திரை 480×272 புள்ளிதான். ஆட்டத்தின் படம் டிவி சட்டகத்தின் நடுவில் சிறிதாக நிற்கும், சுற்றிலும் கறுப்புப் பட்டை இருக்கும். ஓபிஎஸ்ஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு படத்தின் ஓரத்தை இழுத்தால் அந்தக் கறுப்பை வெட்டிவிடலாம். பிறகு மூலையைப் பிடித்து இழுத்துத் திரை அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.