பீட் நிலம் முதல் வெள்ளச் சமவெளி வரை: கார்பன் போகும் வழி

மேட்டுநில ஆறுகள், பீட் நிலங்கள், ஆற்றோரச் சமவெளிகள் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: பீட் நிலம் என்பது சாதாரணச் சதுப்பு நிலம்தானே?

எல்லாச் சதுப்பு நிலமும் பீட் நிலம் ஆகிவிடாது. செத்த செடிகள் முழுசாக மட்காமல் அடுக்கடுக்காகத் தங்க வேண்டும். அந்த அடுக்குதான் பீட். எப்போதும் நீர் நிற்பதால் உள்ளே ஆக்சிஜன் போகாது, நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிவிடும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும். உலக நிலப்பரப்பில் இது 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் இதில் இருக்கிறது.

கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். தெளிந்த நீர் வடிந்தால் செடி இன்னும் அதிகம் மட்கவில்லை. விரலிடுக்கில் கருஞ்சேறாகப் பிதுங்கினால் நன்றாக மட்கிவிட்டது. இந்தப் பிழிசோதனைக்கு 1 முதல் 10 வரை அளவுகோலே இருக்கிறது. ஸ்வீடன் அறிஞர் லென்னார்ட் வான் போஸ்ட் வகுத்தது.

கேள்வி: அங்கிருந்து வரும் ஓடைத் தண்ணீர் பழுப்பாக இருக்கிறதே, அழுக்கா?

அழுக்கில்லை. நுண்ணிய வடிதாளில் வடிகட்டினாலும் அந்த நிறம் போகாது. கார்பன் அதில் கரைந்தே இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தாளில் தங்கும் கருந்துகள்கள் தனிக் கணக்கு. அது அரிப்பில் வந்த பீட். குடிநீருக்கு எடுப்பவர்களுக்கு இந்த நிறம் ஒரு தலைவலி. குளோரின் சேர்க்கும்போது ட்ரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத சேர்மங்கள் உருவாகும் என்பதால் முதலிலேயே கார்பனை நீக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆறு என்பது கார்பனைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் மாதிரிதானே, சார்?

இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நிலத்திலிருந்து ஆறு, ஏரி போன்ற நன்னீர்நிலைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டன் கார்பன் வருகிறது, கடலைச் சேர்வது சுமார் 90 கோடி டன் என்று 2007-இல் ஒரு மதிப்பீடு வந்தது. மீதி வழியிலேயே வண்டலாகப் படிகிறது அல்லது காற்றில் கலக்கிறது. பின்னால் வந்த கணக்குகள் காற்றில் கலக்கும் பங்கை இன்னும் கூட்டின. மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வரும் நீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். பாறையில் மோதிச் சிதறும் ஓடையில் அது கொஞ்ச தூரத்திலேயே வெளியேறிவிடும். அதனால் சின்ன ஓடை என்று கணக்கில் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: பீட் மழையை உறிஞ்சி வெள்ளத்தைத் தடுக்குமாமே?

பாதிதான் சரி. நல்ல நிலையில் உள்ள பீட் ஏற்கெனவே நீரில் ஊறிக் கிடக்கும், புதிய மழைக்கு இடம் கொஞ்சம்தான். உதவுவது மேலே வளரும் ஸ்பேக்னம் பாசி. அதன் மெத்தை ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கும். வெற்றுப் பீட்டில் நீர் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கேள்வி: பீட்டை உலர்த்த வெட்டிய வடிகாலை அடைத்தால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கூடும் என்கிறார்களே, அப்புறம் ஏன் அடைக்க வேண்டும்?

கூடும், உண்மைதான். ஆனால் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் தங்கும். வடிந்த பீட் விடும் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே போகும். நீர்மட்டத்தை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் இரண்டையும் ஓரளவு அடக்கலாம்.

வடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் கண்கூடான சாட்சி நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் 4 மீட்டர் வெளியே தெரிகிறது. தூண் உயரவில்லை, நிலம் சுருங்கி மட்கிக் கரைந்துபோனது. தீ பிடித்தால் இன்னும் மோசம். 1997-இல் இந்தோனேசியப் பீட் எரிந்து 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பன் போனது. ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு, சில மாதங்களில் புகை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கேள்வி: வெள்ளச் சமவெளிக்கு இதில் என்ன பங்கு?

கரை மீறிப் பரவும் நீர் வேகம் இழந்து வண்டலை இறக்கும். அதோடு கார்பனும் புதையும், நைட்ரேட்டும் குறையும். ஆற்றுக்கும் சமவெளிக்கும் நடுவே கரை எழுப்பினால் இந்த வேலை நின்றுபோகும்.

கேள்வி: எங்கள் குழுவிடம் பெரிய கருவி இல்லை. எதை அளக்கலாம்?

நீர்மட்டம். பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பீட்டில் செங்குத்தாக இறக்கி, உள்ளே நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை குறியுங்கள். நடக்கும்போது பீட் அமுங்கும், அளவு மாறும். அதனால் குழாய் அருகே பலகை போட்டு நின்று அளக்கவும்.