மேசைக்கு அடியில் கைமாறும் கார்டு

கேள்வி: எனக்கு மாதம் 92,000 ரூபாய் சம்பளம், கணவருக்கு 35,000. திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. எங்களுக்குள் சண்டை கிடையாது. ஆனால் சொந்த ஊருக்குப் போனால் என் சம்பளம் 30,000 என்று சொல்லச் சொல்கிறார். ஹோட்டலில் பில் வந்ததும் என் கார்டை மேசைக்கு அடியில் வாங்கி அவர் நீட்டுவார். இப்போது ஃபிளாட் வாங்குகிறோம், தவணை பெரும்பாலும் என் சம்பளத்தில்தான். பத்திரம் அவன் பெயரிலேயே இருக்கட்டும் என்கிறார் மாமியார். சம்மதிக்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம். பத்திரமும் கடனும் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் வரை சலுகை உண்டு. பத்திரத்தில் பெயர் இல்லாமல் தவணை மட்டும் கட்டுகிறவருக்கு அது கிடையாது. மாமியாரிடம் உரிமை, சமத்துவம் என்று ஆரம்பிக்காமல் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சீக்கிரம் புரியும்.

அப்புறம், அபசகுனமாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஆளுக்கொரு உயில் எழுதிவிடுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15-ஆவது பிரிவின்படி, கணவரும் குழந்தைகளும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும், பெற்ற அப்பா அம்மா அதற்கும் பின்னால்தான். கல்யாணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தாய் வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போன ஒரு பெண் சேர்த்த பணத்தை, 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் துரத்திய குடும்பத்துக்கே கொடுத்தது. சட்டம் அப்படி இருக்கிறது, என்ன செய்ய.

சரி, கார்டு விஷயம். உங்கள் கணவர் வீட்டுக்குள் முறைக்கவில்லை, கணக்குக் கேட்டுக் குடையவில்லை, ஊர்க்காரர்கள் முன்னால்தான் கூசுகிறார். அது பெரிய வியாதி இல்லை. ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்குங்கள். வீட்டுச் செலவு மாதம் 50,000 என்று வைத்துக்கொண்டால், சம்பள விகிதப்படி அவர் சுமார் 14,000, நீங்கள் 36,000 அதில் போடுங்கள். ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் நியாயம் மாதிரிதான் தெரியும், ஆனால் அவர் கையில் மிஞ்சுவது 10,000, உங்களிடம் 67,000. பிறகு எந்த வீட்டில் நிம்மதி இருக்கும்? அந்தக் கணக்குக்கு ஆளுக்கொரு கார்டு வாங்கிக்கொண்டால் அவர் தன் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து நீட்டலாம், அதில் அவர் போட்ட பணமும் இருக்கிறதே.

30,000 என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு இன்கிரிமென்ட் வரும்போதெல்லாம் அந்தப் பொய்க்கும் ஒரு இன்கிரிமென்ட் போட்டுக்கொண்டே இருக்க முடியுமா? சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற சித்தப்பாவிடம், "குடும்பம் நல்லா நடக்குது சித்தப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை வையுங்கள்.

கேள்வி: நான் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. விவாகரத்துப் பேச்சு நடக்கிறது. கணவன் ஜீவனாம்சம் கேட்க முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 24, 25-ஆவது பிரிவுகளில் கணவன், மனைவி இருவருக்குமே அந்த வழி உண்டு. ஆனால் வேலை பார்க்கும் தெம்பு இருந்தும் சும்மா இருப்பவருக்கு நீதிமன்றங்கள் லேசில் கொடுப்பதில்லை. வக்கீலைப் பார்க்கப் போகும்போது மனைவியின் சம்பள விவரத்தோடு, நீங்கள் ஏன் வேலையை விட்டீர்கள் என்பதற்கான காகிதங்களையும் எடுத்துப் போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.